கிட்டங்கித் துறையில் ஒரு பகற்பொழுது

மட்டக்களப்பு வாவி என்றவுடன் கல்லடிப் பாலமும், நிலாக் காலத்து இரவில் அதனடியில் கேட்கும் மீனிசையுமே பலர் நினைவுக்கு வரும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுள்ள அவ்வாவியின் தென்கோடி கல்முனைக்கு மேற்கே அமைதியாகக் கிடக்கிறது. அதனைப் பார்ப்பதற்கென்று எவரும் வருவதில்லை. கல்முனைவாசிகள் அதனை வாவி என்றும் சொல்வதில்லை. ஆறு என்றே சொல்லுகிறார்கள்.

சென்ற ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அந்த ஆற்றில் ஒரு பகலைக் கழிப்பதென்று நாம் புறப்பட்டோம். கல்முனைக்குடியில் வாழும் நண்பர் ஒருவர் தோணிக்கு ஏற்பாடு செய்திருந்தார். சுபஹுத் தொழுகை முடிந்து சிறிது நேரத்தில் கிட்டங்கித் துறையை அடைந்தோம். தோணிக்காரர் நமக்கு முன்பே வந்து, அடியில் ஊறியிருந்த நீரைச் சிரட்டையால் இறைத்துக்கொண்டிருந்தார். எழுபதை எட்டிய வயது, உரமேறிய கைகள். நண்பர் அவரைக் ‘காக்கா’ என்றழைத்தார்; நாமும் அவ்வாறே அழைத்தோம். பன்னிரண்டு வயதுப் பேரனும் உடன் வந்திருந்தான்.

துறைக்கு அருகிலேயே தாம்போதி செல்கிறது. கல்முனையை நாவிதன்வெளியோடும் அதற்கப்பாலுள்ள ஊர்களோடும் இணைக்கும் பாதை அது. கடலுக்கும் ஆற்றுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய நிலத்தில் வீடுகள் நெருங்கிக் கிடக்க, கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது மக்களில் பலருடைய வயல்கள் அக்கரையில் இருக்கின்றன. சிறுபோக வேளாண்மை வெட்டும் காலமாதலால், அந்த அதிகாலையிலேயே உழவு இயந்திரங்களும் மோட்டார் சைக்கிள்களும் தாம்போதியில் விரைந்துகொண்டிருந்தன. அவற்றின் இரைச்சல் காதை விட்டு அகலும்வரை காக்கா பேசவில்லை. கோலை ஊன்றித் தோணியை வடக்கே செலுத்தினார்.

நீர் கண்ணாடிபோல் இருந்தது. கண்ணாமரங்களின் வேர்களுக்கிடையே கொக்குகள் ஒற்றைக்காலில் நின்றன. நீர்க்காகங்கள் வலைக்கம்புகளில் சிறகை விரித்து வெயில் காய்ந்தன. கோலைத் தோணியில் கிடத்திவிட்டுக் காக்கா சவளைக் கையிலெடுத்தபோது, அது நீரில் விழும் ஓசையன்றி வேறோசையில்லை. நம்மில் ஒருவர் கையை நீரில் அளையவிட்டார். “கைய எடுங்க தம்பி, முதலை இரிக்கி” என்றார் காக்கா, திரும்பிப் பாராமலே. அதன்பின் அனைவர் கைகளும் மடியிலேயே இருந்தன.

துறைநீலாவணைப் பக்கம் திரும்புமுன் ஆற்றுவாழை வழியை மறித்தது. ஊதா நிறப் பூக்களுடன் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் பார்வைக்கு இனிதாகத்தானிருந்தது; ஆனால் தோணி அதற்குள் ஒரு சாண்கூட நகர மறுத்தது. அமேசன் ஆற்றுப் பக்கத்தில் பிறந்த செடி இது. அழகுக்காக நாடு நாடாகக் கொண்டுசெல்லப்பட்டு, ஆபிரிக்காவின் விக்டோரியா ஏரியையே 1990களில் திணறடித்தது. இலங்கையில் இதனை ஒழிப்பதற்கென 1909ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் இயற்றினார்கள். சட்டமும் இருக்கிறது, செடியும் இருக்கிறது. கோலால் விலக்கி விலக்கி அரைமணி நேரம் போராடியே வெளியேறினோம். இச்செடி பெருகினால் வலை வீச இடமில்லை. மழைக்காலத்தில் தாம்போதியில் வந்து அடைந்து, நீர் வடியும் வழியையும் மறித்துவிடும் என்று நண்பர் விளக்கினார்.

உச்சிவேளைக்குச் சற்று முன் கச்சான் காற்று எழுந்தது. கரையோரமாக ஒரு மர நிழலில் தோணியைக் கட்டிக் கட்டுச்சோற்றை அவிழ்த்தோம். பொரித்த மீனும், மாங்காய்ச் சம்பலும், சட்டியோடு கொண்டுவந்த எருமைத் தயிரும்! தயிரைப் பற்றி மட்டுமே ஒரு கட்டுரை எழுதலாம். காக்கா லுஹர் தொழுதுவிட்டு வந்து நம்முடன் அமர்ந்து உண்டார். தாம்போதியில் வாகனம் பெருகாத நாளில் இத்துறையில் எத்தனை தோணிகள் நின்றன, விதைநெல்லும் கன்றுகளும் மணப்பெண்ணும்கூட எவ்வாறு தோணியில் கடந்தனர் என்றெல்லாம் சொன்னார். போர்க்காலத்தைப் பற்றி நாம் கேட்டபோது, “அக்கரை இக்கரையெண்டு ஆறு பிரிக்கல்ல தம்பி, மனிசருதான்” என்று கூறி நிறுத்திக்கொண்டார். அதற்குமேல் நாமும் கேட்கவில்லை.

“ஆறு இவ்வளவு சாதுவாக இருக்கிறதே!” என்று நம்மில் ஒருவர் வியந்தார்.

“மாரியில வந்து பாருங்க. அப்பதான் ஆத்துட குணம் தெரியும்.”

கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவமழை கொட்டும்போது, கல்லோயாத் திட்டத்தின் இடதுகரை வயல்களில் வடியும் நீரும் இவ்வாவியிலேயே வந்து சேருகிறது. தாம்போதியின் மேலாக வெள்ளம் பாயும், போக்குவரத்து நின்றுவிடும். 2024 நவம்பரில், இங்கிருந்து அதிக தூரமில்லாத மாவடிப்பள்ளியில், மதரஸா மாணவர்களை ஏற்றிச்சென்ற உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றதையும், பச்சிளம் பாலகர்கள் உயிரிழந்ததையும் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதனை நண்பர் நினைவூட்டியதும் காக்கா சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார். சிறிது நேரங் கழித்து, “ரோட்டுல ஓடுற தண்ணி ஆழமில்லையெண்டு தெரியும். இழுவைதான் தெரியாது. தோணிக்காரனுக்கு அது தெரியும்” என்றார்.

வெயில் காலத்தில் எவருக்கும் தோணி வேண்டியதில்லை. வெள்ளம் வந்த நாளிலோ தோணியைத் தேடி ஆள்மேல் ஆளாக ஓடிவருகிறார்கள். அதற்குள் சவள் பிடிக்கத் தெரிந்த கைகள் குறைந்துவிட்டன. அவருடைய இரு புதல்வர்களும் வளைகுடா நாட்டில் வாகனம் ஓட்டுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஒரு நாள் உல்லாசத்திற்குத் தோணி தேடிய நாம் யாரைக் குறை சொல்வது?

அஸர் நேரத்தில் காற்றுத் தணிந்ததும் திரும்பினோம். நடுவழியில் காக்கா சவளைப் பேரனிடம் கொடுத்தார். பையன் வலித்தான், தோணி ஒரு வட்டம் சுற்றி, வந்த திசையையே நோக்கி நின்றது. நாம் சிரித்தோம், அவனும் சிரித்தான், காக்கா சிரிக்கவில்லை. “ஒரு பக்கமே வலிக்காத மனெ. தண்ணிய வெட்டாத, தள்ளு” என்று மறுபடியும் சொல்லிக் கொடுத்தார். மூன்றாம் தடவையில் தோணி நேராகச் சென்றது.

துறையை அடைந்தபோது மஃரிப் பாங்கொலி கேட்டது. தாம்போதியில் நெல்மூடைகளோடு ஓர் உழவு இயந்திரம் விளக்கேற்றிக்கொண்டு சென்றது. பேசிய கூலியை நீட்டினோம். காக்கா அதில் ஒரு தாளை எடுத்துப் பேரனிடம் கொடுத்து, “இது நீ வலிச்சதுக்கு” என்றார்.