சாமை இருந்தால் பயமில்லை

வெள்ளிக்கிழமை இரவு சென்னையிலிருந்து கல்லூரி நண்பன் போன் செய்தான். வங்கி வேலை, டார்கெட் நெருக்கடி. "மூணு மாசமா தூக்கமே இல்லடா. எங்கயாவது போகலாம்." விடிந்தபோது நாமக்கல்லில் நின்றான். இன்னொரு வகுப்புத் தோழனின் காரில் மூவரும் கொல்லிமலைக்குக் கிளம்பினோம்.

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, நிழலில் காபி. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகள் பலவற்றில் இப்போது மரவள்ளி. ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் கிழங்கு கைக்குக் காசு தருகிறது. சாமையில் உமி நீக்குவதே பெரும்பாடு.

வழியில் ஓர் அம்மா முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். "கிழங்குலதான் காசு வருதே, இது எதுக்கும்மா?" என்றான் நண்பன்.

"அது விலை ஏறும், எறங்கும் சாமி. இது வீட்டுல இருந்தா பயமில்ல."

நண்பன் அதன்பின் அதிகம் பேசவில்லை. அன்றிரவு நன்றாகத் தூங்கினான். அப்பாவின் இரண்டு ஏக்கரை விற்க விலை பேசியிருந்தவன், திரும்பும்போது, "ஒரு வருஷம் தள்ளிப் போடுறேன். மண்ணைப் பரிசோதிச்சுக் குடு" என்றான்.

நமக்கும் ஞாயிறு என்று ஒன்று கிடையாது. நடவுக்கும் களையெடுப்புக்கும் நடுவே ஒரு நாள் நண்பர்களோடு வெளியே போய் வாருங்கள். போகிற ஊரில் ஒரு வயலையாவது பார்த்துவிட்டு வாருங்கள்.