சொன்னதும் செய்ததும்

சமூகவியலாளர் டெவா பேஜரின் ஆய்வை இன்று மறுபடி எடுத்துப் படித்தேன். மனசு ஆறவில்லை.

2001-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், இளைஞர்களைப் பயிற்றுவித்து 350 நிறுவனங்களில் வேலை கேட்க வைத்தார். தகுதி எல்லோருக்கும் ஒன்றுதான். போதைப்பொருள் வழக்கில் சிறை சென்றதாகச் சொன்ன வெள்ளையருக்கு 17 சதவீத இடங்களிலிருந்து அழைப்பு வந்தது. அதையே சொன்ன கறுப்பினத்தவருக்கு 5 சதவீதம். எந்தக் குற்றமும் இல்லாத கறுப்பினத்தவருக்கே 14தான்!

சில மாதங்கள் கழித்து, அதே முதலாளிகளிடம் தொலைபேசியில் ஒரு கற்பனை ஆளை விவரித்தார்கள். 23 வயது, பள்ளிப்படிப்பு முடித்தவர், நன்றாகப் பழகுவார், போதைப்பொருள் வழக்கில் ஓராண்டு சிறை, போன மாதம்தான் விடுதலை. எடுப்பீர்களா? 60 சதவீதத்துக்கு மேல் 'எடுப்போம்' என்ற பக்கம் சாய்ந்தார்கள். அந்தக் கற்பனை ஆள் வெள்ளையர் என்றாலும் கறுப்பர் என்றாலும் ஏறக்குறைய ஒரே பதில்.

அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. போனில் பேசும்போது எதிரே ஆள் நிற்கவில்லை, சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை, மேசையில் வேறு விண்ணப்பங்களும் இல்லை.

அதற்காகக் கற்பனைக் கேள்வியைத் தூக்கிப் போடவும் முடியாது. பெயரை மட்டும் மாற்றி, மற்றதை அப்படியே வைத்துக் கேட்கலாம். பேராசிரியர் பணிக்குப் போலி விண்ணப்பம் அனுப்பிச் சோதிப்பது கடினம். அந்த வட்டத்தில் ஒருவரை ஒருவர் அறிவார்கள்; அங்கே கற்பனைக் கேள்விதான் கைகொடுக்கும். மனிதர்கள் எதை நியாயம் என்று நம்புகிறார்கள் என்பதையும் அது காட்டும்.

'எங்களிடம் பாகுபாடு இல்லை' என்று யாராவது கருத்துக்கணிப்பை நீட்டினால், போன வருஷம் யார் யாரை நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள் என்ற பட்டியலையும் சேர்த்துக் கேளுங்கள்.