புதுப்பித்த கைத்தொலைபேசியும் மீதமிருக்கும் ஆயுளும்

கைத்தொலைபேசியை மாற்ற வேண்டிய நிலை வந்தால் எந்த நிறுவனத்தின் கருவியை வாங்குவது என்ற ஒரே கேள்விதான் முன்பெல்லாம் எழும். இன்று இலங்கையின் நடுத்தர வருவாய்க்காரர் முன் வேறொரு கேள்வி நிற்கின்றது. புதியதையே வாங்குவதா, அல்லது எவரோ பாவித்துக் கைவிட்டதைச் சீர்செய்து ‘ரீபேர்பிஷ்ட்’ என்ற பெயரில் விற்கின்றார்களே, அதை வாங்குவதா? ஓய்வுபெற்ற பின்னரும் எழுத்தைக் கைவிடாத பத்திரிகையாளன் என்ற முறையில் அண்மையில் நானும் இக்கேள்விக்கு விடை காண வேண்டியிருந்தது. தேடி அறிந்தவற்றை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வது பயன்தரும் என எண்ணுகின்றேன்.

இக்கேள்வி எமது நாட்டில் வலுப்பெற்றதற்குக் காரணம் உண்டு. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்திற்குள் 360 ரூபாவைத் தொட்டது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமாக உயர்ந்தபோது, அதுவரை விலக்குப் பெற்றிருந்த கைத்தொலைபேசியும் அவ்வரிக்குள் வந்தது. வங்கி வட்டியை நம்பி வாழும் என்போன்றோருக்கு ஒரு கருவியின் விலை பல மாத மருந்துச் செலவுக்கு ஈடாகிவிட்டது.

பழையதை வாங்கிப் பாவிப்பது எம்மவர்க்குப் புதிதுமன்று, இழுக்குமன்று. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையின் கீழ் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்கள் இதை நன்கு அறிவர். பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்த அந்நாட்களில், துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். பெற்றோலைச் சில துளிகள் மட்டும் காட்டி இயந்திரத்தை இயக்கிவிட்டு, மண்ணெண்ணெயில் கார்களை ஓடவிட்டார்கள். ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் அவற்றைத் தயாரித்தவர்கள் நினைத்தும் பாராத காலம்வரை எங்கள் வீதிகளில் ஓடின. நானும் பழைய தட்டச்சுப் பொறியொன்றில் பல ஆண்டுகள் செய்தி எழுதியிருக்கின்றேன். நாடாவை மாற்றி எண்ணெய் விட்டால் அதற்கு வயது தெரியாது.

ஆனால் கைத்தொலைபேசி தட்டச்சுப் பொறியன்று. அதன் உடல் நன்றாக இருக்கும்போதே அதன் ஆயுள் முடிந்துவிடக் கூடும். இந்த விடயத்தில் நான் அறிந்துகொண்டவற்றுள் தலையானது இதுதான். மென்பொருளில் அவ்வப்போது கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைப்பதற்கு, தயாரித்த நிறுவனம் பாதுகாப்பு அப்டேட்களை அனுப்பிக்கொண்டிருக்கும். அவை ஒருநாள் நின்றுவிடும். அந்த நாள், நாம் வாங்கிய தேதியிலிருந்து எண்ணப்படுவதன்று. அந்த வகைக் கருவி சந்தைக்கு வந்த தேதியிலிருந்து எண்ணப்படுவது. கூகுள் நிறுவனம் 2023 இல் வெளியிட்ட பிக்சல் 8 முதலாகவும், சாம்சுங் நிறுவனம் 2024 இல் வெளியிட்ட கலக்ஸி எஸ் 24 முதலாகவும் 7 ஆண்டுகளுக்கு அப்டேட் வழங்குவதாக உறுதியளித்துள்ளன. மலிவான புதிய கருவிகள் பலவற்றுக்கு இதைவிடக் குறைந்த காலமே கிடைக்கின்றது. ஆகவே புதியது நீண்ட காலம் உழைக்கும், பழையது விரைவில் போய்விடும் என்ற கணக்கு எப்போதும் பொருந்தாது.

விலையை மீதமுள்ள ஆண்டுகளால் வகுத்துப் பார்ப்பதே சரியான கணக்கு. ஓர் எடுத்துக்காட்டு: 120,000 ரூபாவுக்கு வாங்கும் புதிய கருவிக்கு 6 ஆண்டுகள் அப்டேட் உண்டெனில் ஆண்டுக்கு 20,000 ரூபா. 70,000 ரூபாவுக்கு வாங்கும் புதுப்பித்த கருவிக்கு 2 ஆண்டுகளே மீதமெனில் ஆண்டுக்கு 35,000 ரூபா. அதுவே 75,000 ரூபாவுக்குக் கிடைத்து 5 ஆண்டுகள் மீதமிருப்பின் ஆண்டுக்கு 15,000 ரூபா. நடுவிலுள்ளதுதான் கடையில் ஆக மலிவாகத் தோன்றுவது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

எனக்கு இது பணக் கணக்கு மட்டுமன்று. என் கருவியில் மனிதர்கள் இருக்கின்றார்கள். தம் பெயர் வெளியே வரக்கூடாது என்ற உறுதியைப் பெற்றுக்கொண்டு பேசியவர்களின் குரல்களும் எண்களும் அதில் உள்ளன. 2021 இல் பெகாசஸ் உளவு மென்பொருள் குறித்துப் பன்னாட்டு ஊடகங்கள் கூட்டாக வெளியிட்ட புலனாய்வு, பத்திரிகையாளரின் தொலைபேசி எத்தகைய இலக்காகின்றது என்பதை உலகுக்குக் காட்டியது. அப்டேட் இருந்தாலே முழுப் பாதுகாப்பு என்று சொல்வதற்கில்லை. ஆனால் அப்டேட் நின்றுபோன கருவியை வைத்துக்கொண்டு இன்னொருவரின் இரகசியத்தைக் காப்பதாக வாக்களிப்பது முறையாகாது.

இனி, ‘ரீபேர்பிஷ்ட்’ என்ற சொல்லுக்கு வருவோம். தயாரித்த நிறுவனமே புதுப்பித்து விற்பது ஒருவகை. அப்பிள் நிறுவனம் தான் புதுப்பிக்கும் ஐபோன்களுக்குப் புதிய பற்றரியும் புதிய வெளிக்கூடும் இட்டு, ஓராண்டு உத்தரவாதமும் தருகின்றது. வேறு நிறுவனங்கள் பழுதுபார்த்து, சோதித்து, தரம் பிரித்து விற்பது இன்னொரு வகை. துடைத்துப் பெட்டியிலிட்டு விற்பது மூன்றாவது வகை. எமது கடைகளில் மூன்றும் ஒரே சொல்லால்தான் அழைக்கப்படுகின்றன. கொழும்பில் நான் ஏறிய ஒரு கடையில், “தம்பி, இதில் எதைப் புதுப்பித்தீர்கள்?” என்று கேட்டேன். “ஐயா, எல்லாம் செக் பண்ணினதுதான்” என்றார் விற்பனையாளர். பற்றரி மாற்றப்பட்டதா என்ற கேள்விக்கும் அதுவே விடையாக வந்தது. உத்தரவாதத்தை எழுதித் தரக் கேட்டபோது, கடை முத்திரையே போதும் என்றார். நன்றி கூறி வெளியேறினேன்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. நட்சத்திரக் குறி, சதுரக் குறி, 06, மீண்டும் சதுரக் குறி ஆகியவற்றை அழுத்தினால் 15 இலக்கங்கள் கொண்ட ஐ.எம்.ஈ.ஐ. எண் திரையில் வரும். அது பெட்டியிலும் பற்றுச்சீட்டிலும் உள்ள எண்ணோடு ஒத்திருக்க வேண்டும். ஐ.எம்.ஈ.ஐ. என்பதை ஆங்கில எழுத்துகளில் இட்டு, இடைவெளி விட்டு, அந்த எண்ணை 1909 க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என அறியலாம். பதிவில்லாத கருவிகளைப் புதிதாக வலையமைப்பில் இணைக்க முடியாது என 2025 ஜனவரியில் ஆணைக்குழு அறிவித்திருந்ததால் இச்சோதனை இன்றியமையாதது. அடுத்து, முன்னைய உரிமையாளரின் கூகுள் அல்லது அப்பிள் கணக்கு நீக்கப்பட்டதா எனப் பார்க்க வேண்டும். கருவியை அங்கேயே முழுமையாக அழித்து மீள இயக்கினால் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கின்றதா என்பது தெரிந்துவிடும். ஐபோனாயின் பற்றரியின் எஞ்சிய கொள்ளளவு வீதக் கணக்கில் தெரியும். அண்மைய வகைகளில் மாற்றப்பட்ட உதிரிப்பாகம் அசலா என்பதும் தெரியும். திறந்து மூடப்பட்ட கருவிக்கு நீர் புகாத தன்மை முன்போலவே இருக்கும் என்று நம்பாதிருப்பது நல்லது.

இவற்றையெல்லாம் எடைபோட்டு, 2024 இல் வெளிவந்த, 2031 வரை அப்டேட் பெறவுள்ள புதுப்பித்த கருவியொன்றை வாங்க முடிவு செய்தேன். பற்றரி மாற்றியதைப் பற்றுச்சீட்டில் குறித்து, ஆறு மாத உத்தரவாதத்தை எழுதித் தந்த கடையிலேயே வாங்கினேன். கையிலிருந்த பழையதைக் கொடுத்தால் விலையில் 9,000 ரூபா கழிப்பதாகக் கடைக்காரர் சொன்னார். அண்மைக்காலக் கருவிகளில் தகவல்கள் குறியாக்கம் செய்யப்பட்டிருப்பதால், முறைப்படி அழித்துவிட்டால் மீட்டெடுப்பது அரிது என்று தொழில்நுட்பம் அறிந்தோர் கூறுவர். அவர்கள் கூற்றை நான் மறுக்கவில்லை. எனினும் என்னை நம்பிப் பேசியவர்களிடம் நான் கொடுத்த வாக்கில் ‘அரிது’ என்ற சொல் இருக்கவில்லை. 9,000 ரூபாவை விட்டுவிட்டேன். பழைய கருவி அழிக்கப்பட்ட நிலையில் என் மேசை இழுப்பறையில் கிடக்கின்றது.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரிலுள்ள உறவினருக்கு உங்கள் பழைய கருவியைக் கொண்டுவருவது நல்ல செயல். ஒரு கருவி தன் வாழ்நாளில் சூழலுக்கு ஏற்படுத்தும் கரிப்பளுவின் பெரும்பகுதி அதைத் தயாரிக்கும்போதே உண்டாகிவிடுகின்றது. 2022 இல் மட்டும் உலகில் 62 மில்லியன் தொன் மின்னணுக் கழிவு சேர்ந்ததாக ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை கூறுகின்றது. ஆயினும் புறப்படுமுன் உங்கள் கணக்கை அதிலிருந்து நீக்குங்கள். ஒரே தொலைபேசி நிறுவனத்துடன் பூட்டப்பட்டிருந்தால் பூட்டைத் திறக்கச் செய்யுங்கள். ஐபோன் 14 முதலாக அமெரிக்காவில் விற்கப்பட்டவற்றில் சிம் அட்டை செருகும் இடமே இல்லை என்பதையும், இங்கு பதிவு செய்ய வேண்டியிருக்கலாம் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். அனைத்துக்கும் மேலாக, அப்டேட் எந்த ஆண்டுவரை வரும் என்று பாருங்கள். அது முடிந்துபோன கருவியாயின், அதை வாங்கிக்கொள்ளும் அம்மாவோ மாமியோ அதிலேயே வங்கிக் கணக்கையும் திறப்பார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.