நிறுத்தி வைத்த வண்டி

கேரவன் என்றால், நம் நாட்டில் பலருக்கும் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் இளைப்பாறும் குளிரூட்டப்பட்ட வண்டியே நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அது ஓய்வுபெற்ற முதியோர் பலருக்குக் குடியிருக்கும் வீடு. 2015 முதல் 2019 வரை அரிசோனா மாநிலத்துப் பாலைநிலப் பங்கு ஒன்றில் பணியாற்றிய காலத்தில், 'மோட்டார் ஹோம்' என்று அவர்கள் அழைக்கும் இவ்வீடுகளை அருகிருந்து காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. வட மாநிலங்களில் பனி கொட்டத் தொடங்கியதும் இவ்வண்டிகள் தெற்கு நோக்கி அணிவகுக்கும். 'பனிப்பறவைகள்' என்பது அம்மக்களுக்கு வழங்கும் செல்லப்பெயர். சனவரி மாதத்தில் குவார்ட்சைட் என்னும் சிற்றூரைச் சுற்றியுள்ள பாலைவெளி, கண்ணுக்கெட்டிய தூரம் வண்டிகளால் நிறைந்துவிடும். ஏப்ரலில் வெயில் ஏறியதும் ஒன்றுவிடாமல் மறைந்துவிடும்.

அவற்றுள் ஏழை வண்டியும் உண்டு. கோடீசுவர வண்டியும் உண்டு. கனடாவின் கியூபெக் மாநிலத்துப் பிரெவோ நிறுவனம் 45 அடி நீளப் பேருந்துக் கூட்டைச் செய்து தர, அதனை வாங்கி உள்ளே பளிங்குத் தரையும் தோல் இருக்கையும் அமைத்து விற்கும் நிறுவனங்கள் உள்ளன. அவற்றில் புதியது ஒன்றின் விலை 20 இலட்சம் டாலரைத் தாண்டும். பொத்தானை அழுத்தினால் சுவரே வெளியே நகர்ந்து கூடத்தை அகலமாக்கும். இத்தனை ஆடம்பரத்துக்கும் முன்னோடிகள் எளிய மனிதர்கள் என்பது வியப்பே. 1963ஆம் ஆண்டு சூலை 20 அன்று முழுச் சூரிய கிரகணத்தைக் காண மெய்ன் மாநிலத்தின் ஹிங்க்லி என்னும் ஊரில் 26 குடும்பங்கள் தத்தம் வண்டிகளோடு கூடின. அங்கேதான் இவ்வண்டி உரிமையாளர்களின் பெருஞ்சங்கம் பிறந்தது. அக்காலத்தில் பழைய பேருந்தை வாங்கித் தாமே அடுப்பும் கட்டிலும் பொருத்திக்கொண்டவர்கள் பலர். ஒவ்வொரு திருகாணியும் எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். இன்று பணம் கொடுத்து வாங்குவோர்க்கு அந்த அறிவு வண்டியோடு சேர்ந்து வருவதில்லை.

எனக்கு இவற்றையெல்லாம் கற்றுத்தந்தவர், இரயில்வேயில் டீசல் எஞ்சின் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். அவரும் அவர் மனைவியும் மினசோட்டாவில் இருந்த வீட்டை விற்று, 2004இல் செய்யப்பட்ட 40 அடி வண்டி ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கியிருந்தனர். புதிதாக இருந்தபோது அது உயர்தர வண்டி. அதைத் தவிர அவர்களுக்கு வேறு கூரை இல்லை. ஞாயிறு திருப்பலி முடிந்ததும், "ஃபாதர், வண்டிக்கு வாருங்கள், காப்பி இருக்கிறது" என்பார். காப்பி முடியுமுன் நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

ஒரு வீட்டையும் ஒரு பேருந்தையும் சேர்த்துக் கட்டினால் இரண்டின் நோய்களும் அதற்கு வரும். பின்புறம் எஞ்சின், காற்றழுத்த பிரேக், அதற்கு உலர்ந்த காற்று அனுப்பும் வடிகட்டி; இது பேருந்து. நல்ல நீர், குளித்த நீர், கழிவு என மூன்று தொட்டிகள்; கேஸ் அடுப்பு; இரண்டு ஏ.சி.; இது வீடு. எஞ்சினைக் கிளப்ப ஒரு பேட்டரி வரிசை, வீட்டு விளக்குக்கு வேறொரு வரிசை. மின்வசதியுள்ள தங்குமிடத்தில் கம்பியை இணைக்கலாம். இல்லாத இடத்தில் ஜெனரேட்டர். மூன்றாவது தொட்டியைப் பற்றி விரிவாக எழுதுவது இத்திங்களிதழுக்கு அழகன்று. அதன் திறப்பு, தொட்டி நிறையும்வரை மூடியே இருக்கவேண்டும் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். திறந்தே வைத்தவர்கள் நீர் வடிந்தோடியபின் உள்ளே கோபுரம் கட்டிக்கொண்டு அல்லற்பட்டதை நானே கண்டிருக்கிறேன்.

ஓடி ஓடித்தான் வண்டி தேயும் என்று நான் எண்ணியிருந்தேன். இவ்வகை வண்டிக்கு ஓட்டத்தைவிட நிற்பதே பெரும் பகை. நம் பங்குகளில் திருவிழாச் சப்பரம் ஆண்டு முழுவதும் கொட்டகையில் நின்று, கொடியேற்றத்துக்குப் பத்து நாள் முன்பு அச்சு இறுகி, மரம் கறையான் அரித்துக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஜெனரேட்டரை ஓட்டாமல் விட்டால் அதன் மின்சுருளில் ஈரம் கோத்துக்கொள்ளும். ஆகவே தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் ஒருமுறை, பாதிச் சுமையேனும் கொடுத்து, 2 மணி நேரம் ஓட்டுவார் பெரியவர். ஈய பேட்டரியில் நீர் வற்றினால் தகடு கெடும். பாதிக்குக் கீழே மின்சாரத்தை உறிஞ்சினாலும் அதன் ஆயுள் குறையும். எலி வந்து கம்பியைக் கடிக்கும்.

டயர் எல்லாவற்றிலும் வஞ்சகமானது. ஆண்டுக்குச் சில ஆயிரம் மைல்களே ஓடுவதால் அதன் வரிகள் புதிதுபோலவே இருக்கும். ஆனால் வெயிலும் காற்றும் ரப்பரை உள்ளிருந்து உலர்த்திக்கொண்டே இருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருப்பார்கள். முதல் இரண்டு செய்த வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. '1418' என்றால் 2018ஆம் ஆண்டின் 14ஆம் வாரம். ஆறேழு ஆண்டு கடந்துவிட்டால், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டும் என்பது பெரியவரின் சட்டம். முன்சக்கரத்தில் ஒன்று நெடுஞ்சாலையில் வெடித்தால், அத்தனை எடையுள்ள வீடு எந்தப் பக்கம் திரும்பும் என்பதை வீட்டுக்காரர் தீர்மானிக்க முடியாது.

இவை அனைத்துக்கும் கணக்கு எழுதுபவர் அம்மையார். நீல அட்டை போட்ட குறிப்பேட்டில் தேதி, ஓடிய மைல், எஞ்சின் ஓடிய மணி, என்ன மாற்றினார்கள் என்பன எல்லாம் நேர்த்தியான கையெழுத்தில் இருக்கும். நான் கண்ட பங்குப் பதிவேடுகளில் பல அந்த நேர்த்திக்கு அருகிலும் வரமாட்டா.

2017ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அந்தக் குறிப்பேட்டில் ஒரே வாரத்தில் இரண்டு செய்திகள் ஏறின. அம்மையாருக்கு நீரிழிவு நோய். திறக்காத இன்சுலின் மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைத்திருக்க வேண்டும். பெட்டிக்குள் அவர் வைத்திருந்த வெப்பமானி, பிற்பகலில் 11 காட்டியது. இவ்வண்டிகளில் பழைய வகைக் குளிர்சாதனப் பெட்டி அமுக்கி இல்லாமல், நெருப்பினால் குளிர்விப்பது. ஸ்டாக்ஹோமில் பிளாட்டன், முண்டர்ஸ் என்னும் இரு மாணவர்கள் 1922இல் கண்டுபிடித்த முறை அது. சிறு கேஸ் சுடர் அம்மோனியாக் கரைசலைக் கொதிக்க வைக்கும். ஆவி மேலேறிக் குளிர்ந்து நீர்மமாகி, ஹைட்ரஜன் சூழலில் மீண்டும் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சும். அசையும் உறுப்பு ஒன்றும் இல்லை. மின்சாரம் அற்ற காட்டிலும் இயங்கும். ஆனால் நீர்மம் தன் எடையாலேயே கீழிறங்க வேண்டியிருப்பதால் வண்டி மட்டமாக நிற்கவேண்டும். புறத்தே வெயில் கடுமையானால் அது திணறும். அரிசோனா வெயிலைப் பற்றி நான் சொல்லவும் வேண்டுமோ?

இரண்டாவது செய்தி, படுக்கையறைச் சுவரின் மேல்மூலையில் வெளிப்புறம் ஓர் உப்பல். பெரியவர் கட்டைவிரலால் அழுத்தினார். சுவர் உள்ளே போயிற்று. அவர் ஒன்றும் பேசவில்லை.

ஏணி வைத்து ஏறினோம். கூரை ரப்பர் விரிப்பினால் ஆனது. காற்றுப்போக்கி, ஏ.சி., ஆண்டெனா எனக் கூரையில் துளையிட்ட இடங்களில் எல்லாம் பசை போட்டு அடைத்திருப்பார்கள். சூரியன் அப்பசையை உலர்த்தி வெடிக்கச் செய்யும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழந்தாளிட்டு ஒவ்வொரு விளிம்பாகப் பார்த்து, வெடித்த இடத்தில் புதுப்பசை இடவேண்டும். ஐப்பசி மழைக்குமுன் நம் மூத்தோர் ஓடு பிரித்து மாற்றியதும் இதே கவலையால்தான். முந்திய இலையுதிர் காலத்தில் பெரியவர் முதுகுவலியால் ஏறவில்லை. ஒரு பணிமனையில் பணம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பார்த்ததாகக் கட்டணச் சீட்டு இருக்கிறது. ஆண்டெனாவின் அடியில் விரல்நுழையும் வெடிப்பும் இருந்தது. நீர் புகுந்த இடத்தில் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. ப்ளைவுட் வழியே ஊர்ந்து, எட்டடி தள்ளிச் சுவரில் இறங்கி, அங்கே ஒட்டுப் பலகைகளைப் பிரித்திருந்தது.

கையிலிருந்த சேமிப்பு ஒன்றுக்கே போதும். கூரையா? குளிர்சாதனப் பெட்டியா? பக்கத்து வண்டிக்காரர்கள் அனைவரும் பெட்டிக்கே வாக்களித்தனர். வீடுகளில் உள்ளதுபோன்ற பெரிய பெட்டி, இன்வெர்ட்டர், லித்தியம் பேட்டரி என ஆளுக்கொரு பட்டியல். மருந்து என்னும் காரணம் வேறு அவர்கள் பக்கம் இருந்தது. மனைவியின் உடல்நலத்துக்குமுன் கூரை எம்மாத்திரம் என்றே நானும் நினைத்தேன். பெரியவரும் அப்படித்தான் சாய்ந்திருந்தார். அம்மையார்தான் குறிப்பேட்டை மூடிவிட்டுச் சொன்னார்: "மருந்து வைக்கச் சின்னப் பெட்டி ஒன்று போதும். கூரைக்குச் சின்னக் கூரை என்று ஒன்று கிடையாது."

அவ்வாறே 12 வோல்ட்டில் இயங்கும் கையடக்கக் குளிர்பெட்டி ஒன்று வாங்கப்பட்டது. கூரையைப் பிரித்தார்கள். கறுத்து ஈரச் சோறுபோல் ஆகியிருந்த பலகையை வாரி எடுத்து, நல்ல மரம் தெரியும்வரை வெட்டி, பல நாள் உலரவிட்டு, புதுப்பலகை பொருத்தி, விரிப்பு ஒட்டி, விளிம்பெங்கும் பசை போட மூன்று வாரம் பிடித்தது. கட்டிலின்மேல் தார்ப்பாய் விரித்து, அம்மையார் அதனடியில் உறங்கினார். வேலை முடிந்தபின் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு வேறுபாடும் தெரியாது. புதிய தொலைக்காட்சியைக் காட்ட அண்டை அயலாரை அழைப்பார்கள். கசியாத மூலையைக் காட்ட யாரை அழைப்பது?

பெரிய பெட்டி மறு ஆண்டில்தான் வந்தது. அப்போதுதான் ஒரு மேம்பாடு தனியே வருவதில்லை என்பதை அறிந்தேன். புதுப்பெட்டி அமுக்கியால் இயங்குவது. அதற்கு இரவும் பகலும் 120 வோல்ட் மின்சாரம் வேண்டும். ஆகவே இன்வெர்ட்டர். இன்வெர்ட்டருக்குப் பழைய ஈய பேட்டரிகள் போதா. ஆகவே லித்தியம், எடை பாதிக்கும் குறைவு, விலை பன்மடங்கு. உறைநிலைக்குக் கீழே அதற்கு மின்னேற்றக் கூடாது என்பதால் குளிர்ப்பகுதிக்குப் போகும்போது வேறொரு கவலை. பழைய சார்ஜரின் அளவுகள் லித்தியத்துக்குப் பொருந்தா, அதையும் மாற்றவேண்டும். இத்தோடு முடிந்ததென்றால் இல்லை. லித்தியம், எஞ்சினில் உள்ள ஆல்டர்னேட்டரிடமிருந்து தாகம் கொண்டவன்போல் மின்சாரத்தை உறிஞ்சும். கட்டுப்படுத்தாவிட்டால் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும். இடையில் அளவோடு விடும் கருவி ஒன்றும் வேண்டியதாயிற்று. காலங்காலமாக ஒரு கேஸ் சுடர் செய்துவந்த பணி அது! பழைய பெட்டியை இறக்கிவைத்தபோது பெரியவர் அதன் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

குருமடத்தில் தத்துவ வகுப்பில், பலகை பலகையாக மாற்றப்பட்ட தெசேயுவின் கப்பல் அதே கப்பல்தானா என்று நாங்கள் மணிக்கணக்கில் வாதிட்டதுண்டு. அதைப் பெரியவரிடம் சொன்னேன். வண்டியின் சட்டகத்தில் பொறித்த 17 எழுத்தும் எண்ணும் மாறாதவரை அதே வண்டிதான், வரி கட்டுவதும் அதற்கே என்றார். எங்கள் பேராசிரியருக்கு இவ்விடை தோன்றியிருக்காது.

அதே 2018இல் ஆறு டயர்களும் மாற்றப்பட்டன. நான் 2019இல் ஊர் திரும்பினேன். கிறிஸ்து பிறப்புக்கும் உயிர்ப்புக்கும் அவர்கள் தொலைபேசியில் அழைப்பதுண்டு. அம்மையாரின் கண்பார்வை மங்கி, குறிப்பேட்டில் இப்போது பெரியவரின் கோணல் எழுத்து. அவர் சொல்லச் சொல்ல இவர் எழுதுகிறாராம். பிள்ளைகள் வண்டியை விற்றுவிட்டுத் தங்களோடு வந்துவிடச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

2025 உயிர்ப்பு ஞாயிறன்று பெரியவர் பேசினார். அவருக்கு வயது 78. டயர்களுக்கு ஏழு ஆண்டு முடிந்துவிட்டது என்றார். வரிகள் நன்றாகவே இருக்கின்றன. இப்படியே மெதுவாக ஓட்டிப்போய் விற்றுவிடலாம் என்று தான் சொன்னதாகவும் கூறினார். "அம்மா என்ன சொன்னார்கள்?" என்றேன்.

"ஆறும் புதிதாக வாங்கச் சொல்லிவிட்டாள், ஃபாதர். செவ்வாய்க்கிழமை மாட்டுகிறார்கள்."