வீட்டோடு மாப்பிள்ளை

காய்ச்சல் விருந்தாளி மாதிரி. வரும், இரண்டு நாள் ஆட்டிவைக்கும், போய்விடும். சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் அப்படியல்ல. வீட்டோடு வந்து உட்கார்ந்துவிட்ட மாப்பிள்ளை. விரட்டவும் முடியாது, முகம் கோணவும் விடக்கூடாது. நம் ஆஸ்பத்திரிகளோ விருந்தாளிகளை வழியனுப்பியே பழகியவை. ஒரு டாக்டர், ஒரு வரிசை, ஒரு சீட்டு, அதோடு சரி.

கம்பத்துக்குப் பக்கத்தில் என் சித்தி இருக்கிறாள். அறுபது வயது. விடியற்காலை நாலரை மணிக்குத் தூக்குச்சட்டியும் கையுமாகத் தெருமுனையில் நிற்பாள். ஜீப் வந்து ஏற்றிக்கொண்டு, கம்பம்மெட்டு வளைவுகளில் மூச்சு வாங்க ஏறி, கேரள எல்லைக்கு அப்பால் ஏலத்தோட்டத்தில் இறக்கிவிடும். வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். ஆரம்ப சுகாதார நிலையம் திறந்திருக்கும் நேரமெல்லாம் அவள் ஏலச்செடியின் தூரில் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருப்பாள். மாத்திரை வாங்கப் போனால் அன்றைய கூலி போச்சு.

எப்போதாவது போவாள். டாக்டர் கேட்டால், "ஒழுங்காப் போடுறேன் சார்" என்பாள். சர்க்கரை மட்டும் இறங்கவில்லை. அவர் மாத்திரையைக் கூட்டினார். பிறகு இன்னும் கொஞ்சம் கூட்டினார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெளியே அத்தனை பேர் நிற்கும்போது ஒற்றை மனிதர் வேறென்ன செய்வார்?

சித்தி மட்டுமல்ல. 2020-ல் தமிழ்நாட்டில் நடந்த ஸ்டெப்ஸ் ஆய்வின்படி, ரத்தக்கொதிப்பு உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. சர்க்கரைக்காரர்களில் சுமார் பதினோரு பேருக்கு. இத்தனைக்கும் அரசாங்க ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம்!

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து பெண்களைப் பொறுக்கி, பயிற்சி கொடுத்து, மாத்திரைப் பையோடு வீடு வீடாக அனுப்பினார்கள். படுக்கையில் கிடப்பவர்களுக்கென்று நர்ஸும் பிஸியோதெரபிஸ்டும் தனியே. 2024 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் விருதுகூட வந்தது. விருது இருக்கட்டும், சித்தி வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அங்கே வந்தவள் அதே தெருப் பெண். பகலில் இரண்டு தடவை வந்து பூட்டைப் பார்த்துவிட்டுப் போனவள், மூன்றாம் தடவை ராத்திரி எட்டு மணிக்கு வந்தாள்.

"அத்தை, மாத்திரை டப்பாவை எடுங்க, பாப்போம்."

சித்தி மழுப்பினாள். அவளோ விடவில்லை; அடுப்படிக்கே போய் மஞ்சள் டப்பாவைத் திறந்தாள். உள்ளே அட்டை அட்டையாக மாத்திரை, மூன்று மாதத்துச் சேமிப்பு!

விஷயம் அப்போதுதான் வெளிவந்தது. விடியற்காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஜீப் ஏறினால், தோட்டத்தில் கஞ்சி குடிக்கப் பத்து மணி ஆகும். அதற்குள் கண் இருட்டும், கை நடுங்கும். ஒருநாள் செடிக்குள்ளேயே சாய்ந்துவிட்டாளாம். "மயக்கம் போட்டா நாளைக்கு ஜீப்புல ஏத்துவானா?" என்றாள். இதை டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவேயில்லை. அவர் கேட்டது மாத்திரையைப் பற்றி, கஞ்சியைப் பற்றியல்ல.

அந்தப் பெண் மறுநாள் நர்ஸிடம் சொல்ல, நர்ஸ் டாக்டரிடம் சொல்ல, மாத்திரையின் அளவு குறைந்தது, நேரமும் மாறியது. இப்போது மாத்திரை தூக்குச்சட்டியோடு மலையேறுகிறது. கஞ்சிக்கு முன்னால் சித்தி அதைப் போட்டுக்கொள்கிறாள். ஆறு மாதத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது. காலில் ஆறாமல் இருந்த புண்ணும் மூடிக்கொண்டது.

அந்தப் பெண்ணுக்குச் சம்பளம் என்று கிடையாது, ஊக்கத்தொகைதான். தொடக்கத்தில் மாதம் 4,500 ரூபாய். சித்தி விரலை மடக்கிக் கணக்குப் போட்டு, "ஏலக்காட்டுல அரை மாசக் கூலிகூட ஆகாதேடி!" என்று அங்கலாய்த்திருக்கிறாள்.

அது அவள் மனத்தில் தைத்துவிட்டது போலிருக்கிறது. போன மாதம் நான் ஊருக்குப் போயிருந்தபோது சித்தி கவலையோடு சொன்னாள்: "ஜீப்புல அவளுக்கும் ஒரு எடம் பாத்துத் தரச் சொல்றாய்யா. நான் இன்னும் டிரைவர்கிட்ட சொல்லலே."