நீர்ப்பையில் தங்கிய கல்

முதியவர்களின் சிறுநீர்ப்பையில் கல் சேர்வதற்குப் பெரும்பாலும் வழியடைப்பே காரணம். ஆண்களுக்குப் புராஸ்டேட் வீங்கிப் பையின் வாசலை நெருக்குகிறது. நீர் முழுதும் வெளியேறாமல் அடியில் தேங்கி, உப்பு படிகிறது. நாள்பட்ட சிறுநீர் டியூப், நரம்புக் கோளாறால் சரிவரச் சுருங்காத பை, பழைய அறுவையில் உள்ளே நீட்டிக்கொண்ட தையல் நூல், பெண்களுக்குக் கருப்பையோடு சேர்ந்து சரிந்த நீர்ப்பை ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். அடைப்பு நீங்காதவரை வாழைத்தண்டுச் சாற்றை நம்பி மாதங்களைத் தள்ளுவதில் பயனில்லை.

நோயைப் பல சமயம் நோயாளியே சொல்லிவிடுகிறார். வந்துகொண்டிருந்த நீர் பட்டென்று நிற்கும். சற்றுச் சாய்ந்தால் மறுபடி வரும். முடியும் தறுவாயில் குறி நுனியில் சுள்ளென்று வலிக்கும். ஸ்கேனில் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னால் கல் உருண்டு இடம் மாறும், கட்டி மாறாது. யூரிக் அமிலக் கல் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாது.

கல்லை உடைத்து எடுப்பது புதிதல்ல. 1873 ஜனவரியில், பிரான்சின் முன்னாள் பேரரசர் மூன்றாம் நெப்போலியனுக்கு இங்கிலாந்தில் ஹென்றி தாம்சன் சில நாள் இடைவெளியில் இருமுறை கல்லை உடைத்தார். மூன்றாம் முறைக்கு முன்பே, 9ஆம் தேதி, 64 வயதில் அவர் இறந்தார்; கல்லில் ஏறக்குறைய பாதி உள்ளேயே இருந்தது. 1878இல் அமெரிக்காவின் ஹென்றி பிகலோ, ஒரே அமர்வில் உடைத்துத் துகள் முழுவதையும் உறிஞ்சி எடுக்கும் முறையை வெளியிட்டார். இன்றைய அறுவையும் அந்த வழியில்தான் நடக்கிறது.

பெரும்பாலோருக்கு ஏற்றது சிறுநீர்ப் பாதை வழியாகச் செய்யும் அறுவை. முதுகில் ஊசி போட்டு மரக்கச் செய்து, கேமரா பொருத்திய கருவியை உள்ளே செலுத்தி, ஹோல்மியம் லேசராலோ காற்றழுத்தக் கருவியாலோ கல்லை உடைக்கிறார்கள். காற்றழுத்தக் கருவி தட்டத் தட்டக் கல் ஓடும்; பையை அளவுக்கு மீறி நிரப்பிவிட்டால் இன்னும் ஓடும். லேசரில் அந்த ஓட்டம் குறைவு, ஆனால் பொடி கலங்கிப் பார்வையை மறைக்கும். பொறுமையாகக் கழுவிக் காத்திருக்க வேண்டும். கடைசியில் துகளை உறிஞ்சும் எல்லிக் குமிழை அமுக்கி விட, துண்டுகள் கண்ணாடிக் கிண்ணத்தில் வந்து விழும். அதோடு கருவியை வெளியே எடுத்துவிடுவது அவசரக்காரர் வேலை. புராஸ்டேட்டின் நடுமடலுக்குப் பின்னுள்ள பள்ளத்தில் ஒரு துண்டாவது ஒளிந்திருக்கும்.

கல் பெரிதானால் கருவி பலமுறை போய்வர வேண்டியிருக்கும். சிறுநீர்ப் பாதையில் தழும்பு விழுந்து பிறகு சுருங்கக்கூடும். அத்தகைய கல்லை அடிவயிற்றில் சிறு துளையிட்டு, சுமார் 10 மில்லிமீட்டர் அகலக் குழாய் வழியாக எடுப்பது நல்லது. நீர்ப்பைப் புற்றுநோய் இருந்தவருக்கு இதைத் தவிர்ப்பார்கள். மிகப் பெரிய கல், ஏராளமான கற்கள் என்றால் திறந்த அறுவைக்கு இன்றும் இடமுண்டு. வெளியிலிருந்து அதிர்வலை செலுத்துவது மயக்க மருந்தைத் தாங்காதவருக்கு ஒரு வழி, அவ்வளவே. துகள்களை நோயாளியேதான் கழித்தாக வேண்டும், அடைப்புள்ளவருக்கு அது எளிதல்ல.

புராஸ்டேட்டையும் அதே அமர்வில் சரிசெய்வதுண்டு. வழக்கமாகக் கல்தான் முதலில். புராஸ்டேட்டை முதலில் வெட்டினால் இரத்தம் கசிந்து கல் கண்ணுக்குத் தெரியாது. புராஸ்டேட் சுமார் 80 கிராம் வரை இருந்தால் சுரண்டி எடுக்கலாம். அதற்கு மேல் லேசரால் தோண்டி எடுப்பதோ, திறந்து எடுப்பதோ பொருந்தும். மின்சாரத்தால் சுரண்டும் பழைய மோனோபோலார் முறையில் பயன்படும் கிளைசின் திரவம் இரத்தத்தில் கலந்தால் சோடியம் இறங்கி முதியவர் குழம்பிப்போவார். பைபோலாரில் சலைன் போதும் என்பதால் அந்த ஆபத்து இல்லை. கல் வந்தாலே புராஸ்டேட்டையும் அறுத்தாக வேண்டும் என்ற பழைய விதி இப்போது தளர்ந்திருக்கிறது. இதயம் பலவீனமானவருக்குக் கல்லை மட்டும் எடுத்து, மாத்திரையால் சமாளிப்பதும் நியாயமான முடிவு.

எந்த முறையானாலும், சிறுநீர்க் கல்ச்சர் பார்த்துத் தொற்றை அடக்காமல் கல்லைத் தொடக் கூடாது. உடைபடும் கல்லிலிருந்து கிருமி இரத்தத்துக்குப் பாயும். க்ளோபிடோக்ரெல் போன்ற இரத்தம் உறையாமைக்கான மாத்திரைகளை நிறுத்துவதா என்பதை இதய மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டும், வீட்டார் தாமாக நிறுத்தக் கூடாது.

எடுத்த கல்லை டப்பாவில் போட்டு உறவினரிடம் காட்டுவது வழக்கம். அதில் ஒரு துண்டு ஆய்வகத்துக்கும் போக வேண்டும். அறுவைக்குப் பின் வைத்த டியூபை எடுத்ததும், நீர் கழித்த பின் பையில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று ஸ்கேனில் பார்த்துவிட்டே நோயாளியை வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.