கஜூர் சாலைக் கச்சேரி

தில்லித் தமிழர்கள் நாலு பேர் கூடிய இடத்தில் சங்கீதத்தைப் பற்றி ஒரு சண்டை மூளாமல் இருந்ததாக எனக்கு நினைவில்லை. பர்மாவிலிருந்து கால்நடையாக வந்து சேர்ந்து, அரசாங்க அலுவல் பார்த்துக்கொண்டே பத்திரிகையில் விமரிசனம் எழுதிப் பெரிய வித்துவான்களையும் கலங்க வைத்த சுப்புடு அவர்கள் வாழ்ந்த ஊர் அல்லவா இது! 2007-இல் அவர் மறைந்தார். அவர் மூட்டிவிட்ட வழக்கம் மறையவில்லை. எங்கள் பெரியவர்கள் அரியக்குடியா, ஜி. என். பி.யா என்று காப்பி ஆறிப்போகும் வரை வாதாடுவார்கள். என் வீட்டில் இன்று ஞாயிறுதோறும் காப்பியை ஆற வைப்பது வேறொரு வழக்கு: ‘இந்தியன் ஓஷன்’ என்னும் கோஷ்டியின் ஆல்பங்களுள் எது உயர்ந்தது என்பதே அது.

அறியாத அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. சுஸ்மித் சென் என்னும் கிதார் கலைஞரும், தபலா வாசித்துக்கொண்டே பாடும் அசீம் சக்ரவர்த்தி என்பவரும் சேர்ந்து 1990-இல் தில்லியில் தொடங்கிய இசைக்குழு அது. 1991-இல் ராகுல் ராம் பேஸ் கிதாருடனும், 1994-இல் அமித் கிலம் டிரம்ஸுடனும் வந்து சேர்ந்தார்கள். மேல்நாட்டு ராக் இசையின் கருவிகள். ஆனால் ஒலிப்பதோ நம் ராகச் சாயலும், வடநாட்டுக் கிராமத்துப் பாட்டும், எங்கோ கேட்ட பிரார்த்தனையும். இதை ராக் என்பதா, கலப்பிசை என்பதா என்பதே ஒரு தனிச் சண்டை. அதில் நான் தலையிடுவதில்லை. பெயர் எதுவாயினும் கச்சேரி கச்சேரிதானே!

இந்தக் குழுவின்பால் எனக்குப் பற்று ஏற்படப் பாட்டு மட்டும் காரணமன்று. ஒரு விலாசமும் காரணம். நெடுங்காலம் அவர்கள் ஒத்திகை நடத்திய பழைய வீடு கரோல்பாகில், கஜூர் சாலையில் இருந்தது. கஜூர் என்றால் பேரீச்சை. கரோல்பாக் என்றதும் இந்த மாசிகையை வாசிப்போர் பலருக்கு நெஞ்சு கனிந்துவிடும். ஊரிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு சிபாரிசுக் கடிதமுமாக வந்திறங்கிய எத்தனை தமிழ்க் குமாஸ்தாக்கள் அந்தப் பேட்டையின் மாடி அறைகளில் குடியிருந்திருக்கிறார்கள்! நம்மவர்கள் பின்னர் ராமகிருஷ்ணபுரம் என்றும் ஜனக்புரி என்றும் சிதறிப் போனார்கள். அதே பேட்டையில் வங்காளிகளும் மற்ற மாநிலத்தாரும் உட்கார்ந்து, எவர் வீட்டுக்கும் முழுச் சொந்தமில்லாத, ஆனால் எல்லார் வீட்டு வாசனையும் அடிக்கிற ஓர் இசையைப் பின்னிக்கொண்டிருந்தார்கள் என்பதை எண்ணும்போது எனக்கு ஏதோ ஓர் உறவு தோன்றுகிறது. அந்தக் கதவிலக்கமே, ‘16/330 கஜூர் ரோட்’ என்று, 2010-இல் வந்த ஆல்பத்துக்குத் தலைப்பாயிற்று.

இனி வழக்குக்கு வருவோம். வாதிகள் மூவர்.

என் தம்பி மகன் ‘டெஸர்ட் ரெயின்’ கட்சி. வீதி நாடகக் கலைஞர் சஃப்தர் ஹாஷ்மி 1989 ஜனவரி முதல் தேதி, தில்லியை அடுத்த சாஹிபாபாத்தில் நாடகம் நடத்திக்கொண்டிருக்கையில் தாக்கப்பட்டு மறுநாள் உயிர் நீத்தார். அவர் நினைவைப் போற்றும் சஹ்மத் அமைப்பு 1997-ஆம் ஆண்டின் முதல் நாள் தில்லியில் நடத்திய நிகழ்ச்சியில் இந்தக் குழு வாசித்தது. அதை அப்படியே பதிந்ததுதான் அந்த ஆல்பம். “பெரியப்பா, அதில் ஒட்டு இல்லை, வெட்டு இல்லை. ஒருவர் மூச்சு வாங்குவதற்கு மற்றவர் காத்திருப்பது கேட்கிறது. பாட்டும் குறைவு, கருவிகள்தான் பேசுகின்றன. அதற்குப் பிறகு வார்த்தை அதிகமாகிவிட்டது” என்பான். 1993-இல் வந்த முதல் ஆல்பத்தைக்கூட அவன் ‘சாதகம்’ என்று சொல்லி ஒதுக்கிவிடுவான். இரண்டாவதைத்தான் அரங்கேற்றமாகக் கொள்வான்.

அவன் சொல்வதில் நியாயம் உண்டு. கச்சேரி கேட்டு வளர்ந்த காது எதுவும், மேடையில் பிறந்ததற்கும் அறைக்குள் சீர்செய்ததற்கும் உள்ள பேதத்தை அறியும். தனி ஆவர்த்தனத்தின் நடுவே மிருதங்கக்காரர் பிடில்காரரைப் பார்த்து ஒரு புன்னகை செய்வாரே, அது எந்தத் தட்டிலும் பதிவதில்லை. பதிந்தது போன்ற மயக்கமாவது ‘டெஸர்ட் ரெயின்’ தருகிறது.

எங்கள் மாப்பிள்ளை ‘கந்தீசா’ கட்சி. 2000-இல் வெளிவந்த அந்த ஆல்பத்தில் ஏழு உருப்படிகள். நருமதைக்கு ரேவா என்றொரு பெயர் உண்டல்லவா? அந்த நதித்தாயைப் போற்றும் பாட்டு ஒன்று. ராகுல் ராம் நருமதை அணைக்கு எதிரான இயக்கத்தில் சில ஆண்டுகள் அந்தப் பள்ளத்தாக்கு மக்களோடு இருந்தவர். போஜ்புரியில் கோரக் பாண்டே எழுதிய கிளர்ச்சிப் பாட்டு இன்னொன்று. தலைப்புப் பாடலோ இவை எல்லாவற்றிலும் விசித்திரமானது: கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்கள் வழிபாட்டில் வழங்கிவரும், அராமிக் மொழியின் கிளையான சிரியாக்கில் அமைந்த துதி. ‘தூயவரான இறைவன்’ என்பது அதன் தொடக்கத்தின் பொருள்.

இதில் ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். ஒரு நாள் மாப்பிள்ளை அந்தப் பாட்டைச் சற்று உரக்கவே வைத்திருந்தார். எங்கள் எதிர் வீட்டில் கோட்டயத்துப் பெண்மணி ஒருவர் இருக்கிறார். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருபது ஆண்டுகளுக்கு மேல் பணி செய்பவர். இரவுப் பணி முடித்து உறங்க வேண்டியவர் கதவைத் தட்டினார். சத்தத்துக்காகக் கோபித்துக்கொள்ளப் போகிறார் என்று மாப்பிள்ளை விசையைத் தேடி ஓடினார். அவரோ, “குறைக்க வேண்டாம், இது எங்கள் பள்ளியில் சொல்வது. இதை யார் தில்லியில் பாடுகிறார்கள்?” என்று வாசற்படியிலேயே நின்றுவிட்டார். பள்ளி என்று அவர் சொன்னது மாதாகோயிலை. பாட்டு முடியும் வரை உட்கார மறுத்து நின்றபடியே கேட்டார். முடிந்ததும், டிரம்ஸ் மட்டும் அவர்கள் பாதிரியாருக்குப் பிடிக்காது என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். ‘கந்தீசா’வுக்கு இதைவிடச் சாட்சியம் வேண்டுமா என்று மாப்பிள்ளை கேட்கிறார். “சாட்சியம் பக்திக்கு, சங்கீதத்துக்கு அல்ல” என்று தம்பி மகன் பதில் சொல்கிறான்.

என் அபிப்பிராயம் கேட்டால், ஏழும் சேர்ந்து ஒன்றாக நிற்பதில் ‘கந்தீசா’வை விஞ்சியது அவர்களிடம் இல்லை. 2003-இல் வந்த ‘ஜீனி’யை இவர்கள் யாரும் பேசாமல் விடுவது மட்டும் எனக்குக் குறை. கபீரின் நெசவுப் பதத்தைத் தழுவிய அதன் தலைப்புப் பாடலை ஒருமுறை அமைதியாகக் கேட்டவர்கள் அப்படி விடமாட்டார்கள். ‘பிளாக் ஃபிரைடே’ என்ற படத்துக்காகச் செய்த இசை 2005-இல் வந்துவிட்டது. படமோ வழக்கில் சிக்கி 2007-இல்தான் திரைக்கு வந்தது. அதிலுள்ள ‘பந்தே’ பாட்டால் இந்தக் குழுவின் பெயர் நாடெங்கும் பரவியது என்பதற்கு மேல் அதைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை.

மூன்றாவது வாதி என் மகள். அவள் இந்தக் குழுவை அறிந்ததே 2015-இல் வந்த ‘மஸான்’ படத்தின் இசையால். அங்கேதான் வழக்கு முற்றுகிறது. ஏனெனில் அசீம் சக்ரவர்த்தி 2009 டிசம்பர் 25-ஆம் தேதி மாரடைப்பால் காலமானார். ‘16/330 கஜூர் ரோட்’ அவர் குரல் பதிந்த கடைசி ஆல்பம். அதன் பாட்டுகளை 2010 ஜூலையிலிருந்து மாதம் ஒன்றாக இணையத்தில் இலவசமாகவே கொடுத்தார்கள். தொடர்கதையின் அடுத்த அத்தியாயத்துக்குப் பத்திரிகை எதிர்பார்த்தது போல, மறைந்தவரின் குரலுக்காக ரசிகர்கள் மாதந்தோறும் காத்திருந்தார்கள். 2013-இல் சுஸ்மித் சென்னும் விலகினார். தொடங்கிய இருவரும் இல்லை. ஹிமான்ஷு ஜோஷி பாட, துஹீன் சக்ரவர்த்தி தபலா வாசிக்க, நிகில் ராவ் கிதார் ஏந்த, அதே பெயரில் குழு நடந்தது. 2014-இல் ‘தந்தானு’வும் 2023-இல் ‘தூ ஹை’யும் வந்தன.

“2009-க்குப் பின் வந்தது அந்தக் கோஷ்டியே அல்ல. பெயர்ப் பலகை மட்டும் பழையது” என்பது தம்பி மகனின் தீர்ப்பு. கல்லூரி நாட்களில் அசீமை மேடையில் நேரில் கேட்டவன் அவன். ‘தந்தானு’வை அவன் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்காமலே தீர்ப்புச் சொல்வது எந்தச் சட்டம் என்று என் மகள் கேட்பாள். அவன் பேச்சை மாற்றிவிடுவான்.

அவன் பேச்சை மாற்றுவதன் காரணம் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எங்கள் குடியிருப்பில் மார்கழி மாதத்தில், தில்லிப் பனியில் விளக்குக் கம்பமே தெரியாத விடியற்காலையில், பெண்கள் கூடித் திருப்பாவை பாடுவது வழக்கம். அதை முன்னின்று நடத்தியவள் அவன் தாய், என் தம்பி மனைவி. ஐந்தாண்டுகளுக்கு முன் அவள் போய்விட்டாள். அந்த மார்கழியில் பாடுவதா, நிறுத்துவதா என்று பெண்கள் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து பேசினார்கள். நிறுத்துவதே மரியாதை என்றார்கள் சிலர். “அவள் இருந்தால் நிறுத்த விடுவாளா?” என்று என் மனைவி ஒரே வார்த்தையில் முடித்தாள். இப்போது சுருதி பிடிப்பவள் திருச்சியிலிருந்து புதிதாக வந்த ஒரு பெண். குரல் நன்றாகவே இருக்கிறது, எடுப்பு வேறு. அவள் பாட ஆரம்பித்த நாளிலிருந்து தம்பி மகன் மார்கழிக் காலையில் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை.

ஆதலால் இந்த வழக்கில் நான் அவனை மடக்க முயன்றதில்லை. ஆனால் என் கருத்தை மறைக்கவும் இல்லை. அசீமின் குரலில் இருந்த அடிவயிற்று முழக்கம் புதியவர்களிடம் இல்லை என்பது உண்மை. அதை அவர்கள் நகல் செய்யவும் முயலவில்லை; அதுவே எனக்குப் பிடித்திருக்கிறது. ‘தந்தானு’வில் பாட்டுக்கு ஒரு விருந்தாளி: நம் பிடில் வித்துவான் குமரேஷ், கஞ்சிரா வித்துவான் செல்வகணேஷ், பாடகர் சங்கர் மகாதேவன் என்று வரிசை. இருந்தவர் இடம் காலியாக இருக்க, வாசலைத் திறந்து ஏழு பேரை உள்ளே அழைத்தார்கள். ஏழும் சமமாக அமையவில்லை. இரண்டு மூன்றில் விருந்தாளியின் குரல் வீட்டுக்காரர் குரலை அமுக்கிவிடுகிறது. ஆயினும் அது பெயர்ப் பலகை மட்டும் அன்று.

சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று மாப்பிள்ளையும் மகளும் வெளியே போயிருந்தார்கள். தம்பி மகன் மட்டும் வந்திருந்தான். நான் குமரேஷ் வாசித்திருக்கும் உருப்படியை, எந்த ஆல்பம் என்று சொல்லாமல் வைத்தேன். அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? பத்து விநாடியில் புரிந்துகொண்டான். எழுந்து போகவில்லை. முடியும் வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பிடில் நன்றாக இருக்கிறது, பெரியப்பா” என்றான். சற்றுக் கழித்து, “பிடிலைத்தான் சொல்கிறேன்” என்று அழுத்திச் சேர்த்தான்.

என் மனைவி காப்பி கொண்டு வந்தாள். இவ்வாண்டு மார்கழியில் பாடுவோருக்குப் பொங்கல் எத்தனை படி வைக்க வேண்டியிருக்கும் என்று அவனிடம் கணக்குக் கேட்டாள். இரண்டு படி என்றான். மூன்று வேண்டும் என்று அவள் சொல்ல, அதன்மேல் விவாதம் நடந்தது.